சிறிய ஊரும் பெரிய கோப்பையும்



திருத்தணி மலையின் மீது நின்று வடமேற்கே நோக்குவோர்க்கு, எல்லை கடந்து ஆந்திர நாட்டுக் குன்றுகள் தொடர்ந்து செல்வது தெரியும். அத்திசையில், ஒரு பொழுதுப் பயணத்திற்குள், திருமலை இருக்கிறது. செல்வத்தால் உலகப் புகழ் பெற்ற கோயில் அது. அதனோடு ஒப்பிட்டால் தணிகையின் உண்டியல் சிறியது, மலையும் சிறியது. படிகள் 365 என்பர். மூச்சு வாங்கினாலும் முதியோரும் ஏறிவிடுகின்றனர். ஆயினும் ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து வரும் கூட்டத்தைக் கண்டவர் எவரும், பக்கத்தில் பெரிய கோயில் இருப்பதால் சிறிய கோயில் ஒளி இழந்துவிட்டது என்று சொல்லத் துணியார். சிறியதற்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் எதனால் நிலைக்கிறது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

ஆனால் இன்றைய பேச்சு கோயில்களைப் பற்றியதன்று. விளையாட்டு மைதானத்தைப் பற்றியது. செல்வமும் மக்கள் பெருக்கமும் மிக்க நகரத்தின் குழுவை, அவையிரண்டும் குறைந்த ஊரின் குழு எதிர்த்து நின்று வெல்ல இயலுமா? இயலுமெனில், எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேட நம் நாட்டு ரஞ்சிக் கோப்பையின் வரலாற்றைப் போல் பயன்படும் நூல் வேறில்லை.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் மக்களின் உயிரோடு கலந்தது. அங்கே நியூயார்க் யாங்கீஸ் என்னும் செல்வக் குழு 27 முறை நாட்டின் முதற்பட்டத்தை வென்றிருக்கிறது. பெரிய நகரம்; பெரிய வருவாய்; ஆகவே பெரிய ஆட்டக்காரர்கள். 2002ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் குழு, யாங்கீஸ் குழு ஊதியமாகக் கொடுத்த தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே செலவிட்டு, அக்குழுவைப் போலவே 103 ஆட்டங்களில் வென்றது. இடையில் தொடர்ந்து 20 வெற்றிகளும் பெற்றது. பிறர் கணக்கில் கொள்ளாத திறமைகளை எண்ணிக்கையால் அளந்து, பிறர் வேண்டாமென்று விட்ட ஆட்டக்காரர்களைத் திரட்டியதே அதன் உபாயம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024ஆம் ஆண்டுப் பருவத்தோடு அக்குழு ஓக்லாந்தை விட்டே வெளியேறிவிட்டது. அறிவினால் ஆட்டத்தை வென்ற குழுவுக்குத் தன் ஊரிலேயே தங்கும் பேறு கிட்டவில்லை. வெல்வது ஒன்று, வேரூன்றுவது வேறொன்று. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டிற்குத் திரும்புவோம்.

1934ஆம் ஆண்டில் இந்திய மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையே ஒரு கிரிக்கெட் போட்டி தொடங்கப்பெற்றது. முந்திய ஆண்டில் மறைந்த நவாநகர் ஜாம் சாகேப் ரஞ்சித் சிங்ஜியின் பெயர் அதற்கு இடப்பட்டது. கோப்பையை வழங்கியவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அப்போட்டியின் முதல் ஆட்டம் நம் சென்னைச் சேப்பாக்கத்தில், 1934 நவம்பர் 4ஆம் நாள் நடைபெற்றது. மைசூரை எதிர்த்த சென்னைக் குழு ஒரே நாளில் ஆட்டத்தை முடித்து, ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் முன்னிற்க வென்றது. ஏ. ஜி. ராம் சிங் என்னும் பந்து வீச்சாளர் அன்று 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இப்பெயரை மறவாதீர்கள், இவர் மைந்தரை இன்னும் சற்று நேரத்தில் சந்திக்கப் போகிறோம்.

தொடக்கம் சிறப்பாக அமைந்தும், கோப்பை சென்னைக்கு எளிதில் வந்து சேரவில்லை. 1935-36இலும் 1940-41இலும் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது. காரணம் என்ன? அந்நாளில் கிரிக்கெட்டின் பணப்பை சமஸ்தானங்களின் அரண்மனைகளில் இருந்தது. நாட்டின் எப்பகுதியில் நல்ல ஆட்டக்காரர் தோன்றினாலும், அவருக்குப் பதவியும் ஊதியமும் தந்து தம்மிடம் அழைத்துக்கொள்ளும் வல்லமை மன்னர்களுக்கு இருந்தது. நவாநகர் அவ்வாறு 1936-37இல் கோப்பையை வென்றது. பரோடா விஜய் ஹஸாரேயைப் பெற்றுச் செழித்தது.

எல்லோரினும் மேலாக நின்றவர் இந்தூரின் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர். நாகபுரியில் பிறந்த சி. கே. நாயுடு அவருடைய படையில் கர்னல் பதவி பெற்றுக் குழுவின் தலைவரானார். முஷ்டாக் அலியும் சார்வதேயும் நிம்பால்கரும் அக்கொடியின்கீழ் ஆடினர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தூரை அடுத்த படைமுகாமுக்கு வந்திருந்த ஆங்கில நாட்டு வீரர் டெனிஸ் காம்ப்டனும், 1945ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் ஹோல்கருக்காக இறங்கி, ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தார். (அவ்வளவு செய்தும் பம்பாயிடம் ஹோல்கர் 374 ஓட்டங்களால் தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அடுத்த பருவத்தில் மைசூருக்கு எதிராக ஹோல்கர் குழுவில் அறுவர் சதமடிக்க, எண்ணிக்கை 8 விக்கெட்டுக்கு 912 ஆயிற்று. 1944-45 முதல் 1954-55 வரை 11 பருவங்களில் அக்குழு 10 முறை இறுதி ஆட்டத்திற்கு வந்தது. 4 முறை கோப்பையை வென்றது.

இத்தகைய குழுவை எதிர்த்து, அதன் சொந்த ஊராகிய இந்தூரிலேயே, 1955ஆம் ஆண்டில் சென்னைக் குழு இறுதி ஆட்டத்தில் இறங்கிற்று. தலைவர் பாலு அழகண்ணன். பிற்காலத்தில் வானொலி வருணனையாளராக நேயர்கள் பலருக்கு அறிமுகமான குரல் அவருடையது. குழுவில் சி. டி. கோபிநாத் இருந்தார், முன்னர்க் குறித்த ராம் சிங்கின் மைந்தர் ஏ. ஜி. கிருபால் சிங்கும் இருந்தார். சென்னை முதலில் 478 ஓட்டங்கள் எடுத்தது, ஹோல்கர் 417. மறுமுறை சென்னை 311, ஹோல்கர் 326. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 46 ஓட்ட வித்தியாசத்தில் கோப்பை முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. கிருபால் சிங் 75, 91 என இரு முறையும் ஓட்டம் குவித்ததோடு, 7 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். 1934இல் தந்தை தொடங்கிய பணியை 1955இல் மைந்தர் முடித்தார் என்றால் மிகையாகாது.

அவ்வாட்டத்தின் பின் நிகழ்ந்ததுதான் நாம் ஊன்றி நோக்கத் தக்கது. அடுத்த பருவத்தில் ஹோல்கர் என்னும் பெயரே போட்டியில் இல்லை. சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்து, மன்னர்களின் அதிகாரமும் வருவாயும் சுருங்கிவிட்டன. புரவலரின் கை சுருங்கவே, அக்கையால் திரண்ட குழுவும் கலைந்தது. 11 ஆண்டுகள் நாட்டை நடுங்கவைத்த பெயர், ஒரே ஆண்டில் நினைவாயிற்று. தோற்ற ஹோல்கர் மறைந்தது. வென்ற சென்னை நிலைத்தது. சென்னையை நிலைக்கச் செய்தது அரண்மனையன்று. உள்ளூர் லீக் ஆட்டங்களும், கல்லூரி மைதானங்களும், ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்த வங்கிகளும் வாணிக நிறுவனங்களும் அங்கே இருந்தன. ஒருவர் போனால் மற்றொருவர் வருவதற்கு வழி இருந்தது.

இங்கே திருத்தணி மாணவர்கள் ஒன்றைக் கேட்கக்கூடும்: அந்த வெற்றியை நம் ஊர் கொண்டாடியிருக்குமா? இக்கேள்விக்கு விடை எல்லைப் படத்தில் உள்ளது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் தோன்றியபோது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனைச் சேர்ந்தது. அம்மாவட்டத்திலிருந்த திருத்தணியும் உடன் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கரின் பரிந்துரையை ஏற்று இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகவும், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பிற்று. ஆகவே இந்தூரில் சென்னை வென்ற 1955ஆம் ஆண்டில், நம் தணிகை மலை ஆந்திர மண்ணில் இருந்தது. மாநில எல்லையை ஒட்டியே பெரும்பாலும் குழுக்களின் எல்லையும் அமைவதால், அந்நாளில் இவ்வூர் இளைஞன் ஒருவன் பெரிய ஆட்டக்காரனாகக் கனவு கண்டிருந்தால், அவன் சேர வேண்டிய குழு ஆந்திரம்.

அந்த ஆந்திரமோ அப்போதுதான் பிறந்த குழந்தை. 1953-54ஆம் பருவத்தில் அது முதன்முறையாகப் போட்டியில் இறங்கிற்று. ஹோல்கரின் அணிகலனாக விளங்கிய அதே சி. கே. நாயுடு, ஏறத்தாழ 58 வயதில் அப்புதிய குழுவுக்காக ஆடினார். முன்னோர் மொழியின்மேல் அவர் கொண்ட பற்று பாராட்டத்தக்கதே. ஆனால் ஒரு பெரியவரின் பெருமை மட்டும் ஒரு குழுவுக்கு வேர் ஆகிவிடாது. 2024-25ஆம் பருவம் முடியும் வரை ஆந்திரம் ரஞ்சிக் கோப்பையை ஒருமுறையேனும் வென்றதில்லை. எல்லைக்கு இப்பால் ஒரு கோப்பை, அப்பால் ஓர் ஏக்கம். ஒரே பேருந்தில் சந்தைக்குச் செல்லும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் வாய்ப்பு, வரைபடத்துக் கோடு ஒன்றினால் வேறுபட்டுப் போவதை நினைத்துப் பாருங்கள்.

மன்னர்கள் போன பின்பு சிறிய குழுக்களுக்கு விடுதலை கிடைத்ததா என்றால், இல்லை. அவ்விடத்தில் பம்பாய் வந்து அமர்ந்தது. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் கோப்பை அந்நகரைவிட்டு நகரவில்லை. பம்பாயின் பலம் பணம் மட்டுமே என்று சொல்வது நேர்மையாகாது. அங்கே பள்ளிச் சிறுவர்களுக்கு ஹாரிஸ் கேடயப் போட்டி இருந்தது. மழைக்காலச் சேற்றிலும் ஆடப்படும் காங்கா லீக் இருந்தது. ஆலைகளும் நிறுவனங்களும் தத்தம் குழுக்களை வைத்திருந்தன. செல்வம் அங்கே சில ஆட்டக்காரர்களை வாங்குவதோடு நின்றுவிடாமல், ஆட்டக்காரர்கள் விளையும் வயலாக மாறியிருந்தது.

இவ்வுண்மையை ராஜஸ்தானம் கசப்போடு கற்றது. அரச குடும்பத்தாரின் ஆதரவில் வினூ மங்கட், விஜய் மஞ்ச்ரேகர், சலீம் துரானி போன்ற பேர்பெற்றோர் அக்குழுவில் ஆடினர். 1960-61க்கும் 1969-70க்கும் இடையே அது 7 முறை இறுதி ஆட்டத்திற்கு வந்தது. ஏழு முறையும் எதிரி பம்பாய். ஏழு முறையும் தோல்வி. நம் சென்னையும் 1967-68இல் அவ்வாறே தோற்றது. 1972-73இல் சேப்பாக்கத்தில் நிகழ்ந்த இறுதி ஆட்டமோ, பத்மாகர் சிவால்கரின் சுழற்பந்தால், இரண்டு நாளும் ஒரு பந்தும் மட்டுமே நீடித்தது. அடுத்த ஆண்டில் பிரசன்னாவின் தலைமையில் கர்நாடகம் அரையிறுதியில் பம்பாயை வீழ்த்தி அந்தத் தொடரை அறுத்தது. அதன் இறுதி ஆட்டத்தில் தோற்றதும் ராஜஸ்தானமே. அது எட்டாவது தோல்வி. தமிழ்நாடு இரண்டாம் முறை கோப்பையை வெல்ல 1987-88 வரை, அதாவது 33 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

இனி, சிறியோர் எழுந்த காலத்திற்கு வருவோம். 2002-03 முதல் போட்டி இரு பிரிவாக வகுக்கப்பட்டது. வல்லோர் மேற்பிரிவிலும், மெலியோர் பிளேட் எனப்படும் கீழ்ப்பிரிவிலும் ஆடினர். இது இழிவு என்று சிலர் எண்ணினர். ஆயினும் கீழ்ப்பிரிவில் முதன்மை பெற்றோர் மேற்பிரிவின் காலிறுதியாளரைச் சந்திக்கும் வாயில் ஒன்று சில ஆண்டுகள் திறந்திருந்தது. 2010-11இல் ராஜஸ்தானம் அவ்வாயில் வழியே நுழைந்தது. அப்பருவத்தின் முதல் ஆட்டத்தில், தீபக் சாஹர் என்னும் 18 வயது இளைஞர் 10 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் சாய்க்க, ஹைதராபாத் 21 ஓட்டங்களில் சுருண்டது. பருவத்தின் முடிவில் ராஜஸ்தானம், பரோடாவை அதன் சொந்த மண்ணில் எதிர்த்து, முதல் முறையாகக் கோப்பையைக் கைக்கொண்டது. பேர்பெற்றோர் எட்டு முறை முயன்றும் எட்டாத கனியை, பெயர் அறியாதோர் பறித்தனர். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றனர். அம்முறை சேப்பாக்கத்தில் தோற்றது நம் தமிழ்நாடு!

அடுத்து விதர்ப்பம். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அக்குழு 1957-58 முதல் ஆடிவந்தது. அறுபது ஆண்டுகள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அங்கே பிறந்த சி. கே. நாயுடுவையே முன்னர் இந்தூர் அழைத்துச் சென்றதன்றோ? ஆனால் இந்நூற்றாண்டில் அவர்கள் பயிற்சிக்கூடம் அமைத்து, இளம் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பழக்கினர். பம்பாய்ப் பள்ளியில் பயின்ற சந்திரகாந்த் பண்டிட்டைப் பயிற்சியாளராகவும், வாசிம் ஜாஃபரை ஆட்டக்காரராகவும் அழைத்தனர். பெரிய இடத்தின் ஆட்களை அழைத்ததோடு நில்லாமல், பெரிய இடத்தின் பாடத்தையும் கற்றுக்கொண்டனர். 2017-18 அரையிறுதியில் கர்நாடகத்தை 5 ஓட்டங்களால் வென்று, இறுதியில் டில்லியை 9 விக்கெட்டுகளால் வீழ்த்தினர். அவ்விறுதி ஆட்டத்தில் ரஜ்னீஷ் குர்பானி அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தினார். அது நடந்த இடம் எது தெரியுமா? இந்தூர், ஹோல்கர் பெயர் தாங்கிய மைதானம். மன்னரின் குழு மறைந்த ஊரில், மன்னர் இல்லாத குழு முடிசூடிற்று.

அதே பண்டிட் பின்னர் மத்தியப் பிரதேசத்திற்குச் சென்றார். 1998-99இல் அக்குழுவின் தலைவராக அவர் இறுதி ஆட்டத்தில் தோற்ற பெங்களூர் மைதானத்திலேயே, 2022 ஜூன் மாதத்தில் அவர் பயிற்றுவித்த இளைஞர்கள், 41 முறை கோப்பை வென்றிருந்த மும்பையை 6 விக்கெட்டுகளால் வென்றனர். ஹோல்கரின் நாடு இன்று மத்தியப் பிரதேசத்தில் அடங்கியது. அம்மண்ணுக்குக் கோப்பை திரும்ப ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின. ஆனால் இம்முறை அது அரண்மனைக்கு வரவில்லை, மக்களிடம் வந்தது.

அண்டை நாடாகிய கேரளத்தையும் கூற வேண்டும். திருவாங்கூர்-கொச்சி என்னும் பெயரில் 1951-52இல் நுழைந்த குழு அது. 2024-25இல்தான் முதல்முறையாக இறுதி ஆட்டத்தை எட்டிற்று. எட்டிய விதம் வியப்புக்குரியது. காலிறுதியில் ஜம்மு காஷ்மீரத்தை முதல் இன்னிங்ஸில் ஒரே ஓட்டத்தால் முந்தியது. அரையிறுதியில் கேரளம் 457. குஜராத் கடைசி விக்கெட்டுடன் 455. அடிக்கப்பட்ட பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி மேலெழ, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபி பிடித்தார். இரண்டே ஓட்ட முன்னிலை! இறுதியில் விதர்ப்பமே வென்றது என்றாலும், அவ்வாண்டு கோப்பைக்காக நேர் நின்ற இரு குழுக்களும் ஒரு காலத்தில் எவரும் மதியாதவை என்பதே பெருஞ் செய்தி.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். செல்வம் ஒரு குழுவை உயர்த்த வல்லது. ஆனால் அச்செல்வம் ஆளை வாங்குவதில் செலவானால் ஆளோடு போய்விடும். ஆளை வளர்ப்பதில் செலவானால் ஊரோடு நிற்கும். ஹோல்கர் முதல் வழிக்குச் சான்று. பம்பாய் இரண்டாம் வழிக்குச் சான்று. விதர்ப்பம், பம்பாயின் வழியைச் சிறிய ஊரும் பின்பற்றலாம் என்பதற்குச் சான்று. ஆயினும் முயற்சி ஒன்றே போதும் என்று மெலியோருக்கு உபதேசித்துவிட்டு வல்லோர் ஒதுங்கிக்கொள்வதும் அறமன்று. அமெரிக்கப் பேஸ்பாலில் 1965 முதல் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: புதிய இளைஞர்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, முந்திய பருவத்தில் பின்தங்கிய குழுவுக்கு முதலில் அளிக்கப்பட்டது. நம் நாட்டிலும் கிரிக்கெட் வாரியம் தொலைக்காட்சி வருவாயில் மாநிலச் சங்கங்களுக்குப் பங்கு தருகிறது. விதர்ப்பம் போன்றவற்றின் மைதானங்களும் பயிற்சிக்கூடங்களும் எழ அப்பங்கு துணை நின்றது. பகிர்வு வாயிலைத் திறக்கிறது. நடந்து உள்ளே செல்வது உழைப்பு.

திருத்தணியின் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, நம் மாவட்டமாகிய திருவள்ளூரின் பெயரால் ஒரு குழு ஆடிற்று. 2018இல் அதன் பெயர் காஞ்சிக்கு மாறிவிட்டது. பெயர் சூட்டுவதும் எளிது. பெயரை எடுத்துச் செல்வதும் எளிது. எடுத்துச் செல்ல முடியாதவை சில உண்டு. அவை பள்ளிக்குப் பின்னால் உள்ள திடல், அதில் மாலைதோறும் பந்து வீசும் பிள்ளைகள், அவர்களுக்குப் பிழை திருத்தும் ஓர் ஆசிரியர் ஆகியவையே. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய டி. நடராஜன், 2020-21இல் ஆஸ்திரேலிய மண்ணில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். பின்பு அவரே தம் ஊரில் மைதானம் அமைத்தார். அவர் செய்ததே சரியான வரிசை: ஊர் ஆளை வளர்த்தது, ஆள் ஊரை வளர்த்தார்.

இளம் நேயர்களே! எல்லைக் கோடுகள் மாறியதையும், மன்னர்கள் மறைந்ததையும், கோப்பைகள் கைமாறியதையும் பார்த்தோம். உங்கள் ஊர் சிறியது என்று வருந்தாதீர்கள்; சிறியது என்பதையே பெருமையாகச் சொல்லி ஓய்ந்தும் விடாதீர்கள். உங்கள் ஊரில் உள்ள திடல் எத்தனை, அவற்றில் மாலைநேரத்தில் ஆடுவோர் எத்தனை பேர், அவர்களுக்குக் கற்பிப்போர் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அக்கணக்கில் குறை இருந்தால் அதைக் கேளுங்கள். உரியவரிடம் ஓயாமல் கேளுங்கள். தணிகை மலையின் 365 படிகளையும் ஒரே தாவலில் கடந்தவர் இலர். ஒவ்வொரு படியாக ஏறியோரே உச்சியில் நிற்கின்றனர்.